வாய் திறப்பதற்கு முன்: அலுவலகத்தில் பாலியல் தொல்லைப் புகார் கொடுப்பவருக்குச் சில குறிப்புகள்

மேலதிகாரி மீது பாலியல் தொல்லைப் புகார் கொடுத்தால் "கம்ப்ளெயின்ட் கொடுத்தவ" என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும் என்று எல்லோரும் எச்சரிப்பார்கள். பேசாமல் இருந்தாலும் ஒரு பெயர் வரும் என்று எவரும் சொல்வதில்லை. முதல் சில வாரம் "அவ ரொம்ப அமைதி". பிறகு "அவ ஒண்ணும் சொல்ல மாட்டா". அதற்கும் பிறகு "அவளுக்கும் இஷ்டம்தான் போல". நாம் ஒரு வார்த்தை பேசாமலே இந்தப் பெயர் வளர்ந்துவிடும். கடைசியில் விசாரணை என்று போய் உட்காரும்போது முதல் கேள்வியும் அதைப் பற்றித்தான்: "அப்பவே ஏன் சொல்லல?" இந்த வழியைத் தனியாகக் கடந்தவள் என்பதால் எழுதுகிறேன். நிறுவனம் எது, ஆள் யார் என்பதெல்லாம் வேண்டாம், சட்டமும் அதற்கு இடம் தராது. எனக்கு நடந்த கதையைவிட எந்தப் படியில் கால் சறுக்கும் என்று தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

சட்டத்தின் பெயர் நீளம்: பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தல் (தடுப்பு, தடை மற்றும் தீர்வு) சட்டம், 2013. அலுவலகத்தில் 'போஷ்' என்பார்கள். ராஜஸ்தானில் அரசுத் திட்டம் ஒன்றின் கிராமப் பணியாளரான பன்வாரி தேவி, குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992இல் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். அதையொட்டித் தொடரப்பட்ட விசாகா வழக்கில் 1997இல் உச்ச நீதிமன்றம் தந்த வழிகாட்டுதல்கள்தான் பின்னாளில் சட்டமாயின. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு ஒன்று இருந்தே ஆக வேண்டும். பேச்சில் 'ஐ.சி.' என்போம். தலைவர் மூத்த பொறுப்பில் உள்ள ஒரு பெண்ணாக இருக்க வேண்டும். பணியாளர்களில் குறைந்தது இருவரும், பெண்கள் நலனுக்காக வேலை செய்யும் வெளியாள் ஒருவரும் இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேராவது பெண்கள். குழுவே இல்லையென்றால் நிறுவனத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். குழு யார் யார் என்பதைக் கண்ணில் படும் இடத்தில் ஒட்டி வைக்க வேண்டும் என்பதும் சட்டம்தான். எந்தப் பிரச்சினையும் இல்லாத ஒரு நாளில் அந்தப் பலகையைத் தேடிப் பாருங்கள். அதில் உள்ள ஒருவர் போன வருஷமே வேலையை விட்டுப் போயிருப்பார், வெளி உறுப்பினர் பெயருக்கு எதிரே 'விரைவில்' என்று இருக்கும். இது முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

இப்போது அந்தப் பேசாத காலத்துக்கு வருகிறேன். பெரும்பாலான பெண்கள் உடனே பேசுவதில்லை. வீட்டுக் கடன், அப்ரைசல் என்னும் வருடாந்திர வேலை மதிப்பீடு, வீட்டில் சொன்னால் "வேலையே வேணாம், வந்துடு" என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். இது கோழைத்தனம் இல்லை, கணக்கு. ஆனால் பேசாத அந்த நாட்களுக்கும் ஒரு பதிவு இருக்கட்டும். ஒரு சாதாரண நோட்டு போதும், பக்க எண் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சம்பவத்துக்கும் தேதி, நேரம், இடம், பக்கத்தில் யார் இருந்தார், தொல்லை கொடுத்தவர் சொன்ன வாக்கியம் அப்படியே, நீங்கள் என்ன செய்தீர்கள், பிறகு யாரிடம் சொன்னீர்கள் என்று எழுதுங்கள். 'அப்படியே' என்றதை அழுத்திச் சொல்கிறேன். "தப்பாகப் பேசினார்" என்று எழுதி வைத்தால் ஆறு மாதம் கழித்து அது எதற்கும் ஆகாது. அவர் கொச்சையாகச் சொன்னதைக் கொச்சையாகவே எழுதுங்கள். கூசும், கை நடுங்கும். எழுதிவிட்டு நோட்டை வீட்டில் வையுங்கள், அலுவலக டிராயரில் வேண்டாம். எதையும் எழுத மனம் வராத நாளில் "இன்று சொல்ல முடியவில்லை, ரேட்டிங் அவர் கையில் இருக்கிறது" என்று ஒரு வரியாவது எழுதித் தேதி போடுங்கள். பின்னால் "அப்பவே ஏன் சொல்லல?" என்ற கேள்வி வரும்போது அந்த ஒரு வரிதான் பதில். வேலையில் சலுகை தருவதாகக் கோடி காட்டுவது, இணங்காவிட்டால் வேலையைக் கெடுத்துவிடுவேன் என்று மிரட்டுவது, வேலை செய்ய முடியாத சூழலை உண்டாக்குவது எல்லாம் சட்டத்தின் 3ஆவது பிரிவில் வருகின்றன. கம்பெனி கேப், அவுட்டிங் போன ரிசார்ட், கிளையன்ட் அலுவலகம் எல்லாமே பணியிடம்தான்.

ஆதாரம் சேர்க்கும்போது ஒரு குழி இருக்கிறது. பதற்றத்தில் அலுவலக மெயில்களை மொத்தமாகத் தனி ஜிமெயிலுக்கு அனுப்பினால், அதில் ஒரு கிளையன்ட் ஆவணம் சிக்கினாலும் போதும், புகார் கொடுத்த மறுவாரமே உங்கள் மேல் தகவல் கசிவு விசாரணை தொடங்கும். அவர் உங்களுக்கு அனுப்பிய செய்திகளை மட்டும் எடுங்கள். போனுக்குத் தடை உள்ள தளமாக இருந்தால் படம் எடுக்காதீர்கள், செய்தி வந்த தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, அதை எடுத்துத் தரும்படி குழுவிடம் எழுத்தில் கேளுங்கள். ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லவும் ஆட்களை அழைக்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் குழுவுக்கும் உண்டு. வாட்ஸாப் என்றால் மறையும் செய்தி வசதி ஓடுகிறதா என்று அன்றைக்கே பாருங்கள். உரையாடலை ஏற்றுமதி செய்து வைத்தாலும் அந்தப் போனை விற்கவோ மாற்றவோ வேண்டாம். வழக்கு நீதிமன்றம் போனால் மின்னணு ஆதாரத்துக்கு சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமின் 63ஆவது பிரிவுப்படி சான்றிதழ் தேவைப்படும், அப்போது மூலக் கருவி கையில் இருப்பது நல்லது. எல்லாவற்றையும்விட அவசரமானது சிசிடிவி. பல கட்டடங்களில் பதிவு சில வாரம்தான் நிற்கும், பிறகு அதன் மேலேயே புதுப் பதிவு ஏறிவிடும். புகார் எழுதி முடிக்க நேரமானாலும், "இன்ன தேதி, இன்ன தளம், இன்ன நேரத்துக் கேமராப் பதிவையும் நுழைவு அட்டைப் பதிவையும் அழியாமல் பாதுகாக்கக் கோருகிறேன்" என்ற இரண்டு வரியை முதலில் அனுப்பிவிடுங்கள்.

புகாரை யாரிடம் கொடுப்பது என்பதில்தான் அதிகம் பேர் தவறிப் போகிறார்கள். ஹெச்.ஆரில் நமக்குத் தெரிந்த ஒருவரிடம் டீ குடிக்கும்போது சொல்வோம். அவர் முகம் வாடும், "நான் பார்த்துக்கறேன்மா" என்பார். அதோடு நாம் சொல்லியாயிற்று என்று நினைத்துக்கொள்வோம். ஏட்டில் எதுவும் ஏறியிருக்காது. அல்லது மெயிலில் "மேனேஜருடன் சில சங்கடங்கள்" என்று மென்மையாக எழுதுவோம், அது "இருவருக்கிடையே கருத்து வேறுபாடு" என்ற கோப்பில் போய் விழும். கெடு மூன்று மாதம். கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்துப் புகார் குழுவின் கைக்குப் போக வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டலாம், காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். வாய்வார்த்தையை நம்பிக் காத்திருப்பவருக்கு இந்த நாட்கள்தான் கரையும். ஆகவே மெயில் குழுத் தலைவர் பெயருக்குப் போகட்டும், உறுப்பினர்களுக்கு நகல், பொருள் வரியில் "2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆவது பிரிவின் கீழ் புகார்" என்று இருக்கட்டும். விதிப்படி ஆறு நகல், கூடவே ஆதாரங்கள், சாட்சிகளின் பெயர், முகவரி. நேரில் கொடுத்தால் ஏழாவதாக ஒன்றில் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். நடந்ததைக் கால வரிசையில், ஒரு பத்திக்கு ஒரு சம்பவமாக எழுதுங்கள். அவர் குணம் எப்படி, குடும்பம் எப்படி என்பதெல்லாம் வேண்டாம். எழுத வராதவருக்கு எழுத உதவுவது குழுவின் கடமை.

புகார் போன ஏழு வேலை நாளுக்குள் ஒரு நகல் எதிர்த்தரப்புக்குப் போக வேண்டும், அவர் பத்து வேலை நாளில் பதில் தர வேண்டும், விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். இதைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் யாரும் உங்களுக்கு நினைவூட்ட மாட்டார்கள். இந்த இடைவெளியில் யாராவது வந்து "பேசி முடிச்சுக்கலாமே, அவருக்கும் பொண்ணு இருக்கு" என்பார். சட்டத்தில் சமரசத்துக்கு இடம் உண்டு. ஆனால் அதைக் கேட்க வேண்டியவர் பாதிக்கப்பட்ட பெண் மட்டுமே, அதுவும் விசாரணை தொடங்கும் முன்பு. பணம் அதற்கு அடிப்படையாக இருக்கக் கூடாது. சமரசம் ஆகிவிட்டால் பிறகு விசாரணை கிடையாது. அலுப்பில் "சரி, பாருங்க" என்று ஒரு மெயில் போட்டுவிட்டால் அதையே உங்கள் கோரிக்கை என்று பதிந்துவிட வழியுண்டு. விருப்பமில்லையென்றால் "நான் சமரசம் கோரவில்லை, விசாரணை வேண்டும்" என்று எழுதிவிடுங்கள்.

புகாரோடு சேர்த்தே கொடுக்க வேண்டிய இன்னொரு கடிதம் இருக்கிறது, பலருக்குத் தெரியாது: இடைக்கால நிவாரணம், 12ஆவது பிரிவு. எழுதிக் கேட்டால்தான் கிடைக்கும். உங்களையோ அவரையோ இடம் மாற்றலாம், உங்களுக்கு வழக்கமான விடுப்புக்கு மேல் மூன்று மாதம் வரை விடுப்பு தரலாம், உங்கள் வேலையை அவர் மதிப்பிடுவதைத் தடுத்து அந்தப் பொறுப்பை வேறொருவருக்குத் தரலாம். மூன்றாவதைத்தான் முதலில் கேளுங்கள். விசாரணை நடக்கும்போதே அவர் கையால் உங்களுக்குக் குறைந்த ரேட்டிங் விழுந்தால், பிறகு "வேலை சரியில்லாததால் புகார் கொடுத்தாள்" என்று கதை மாறும். இடமாற்றத்தில் எச்சரிக்கை தேவை. "உங்க நல்லதுக்குத்தான்" என்று உங்களைத்தான் வேறு பிராஜெக்ட்டுக்கு அனுப்பப் பார்ப்பார்கள். வருஷக்கணக்கில் கற்ற வேலை, கிளையன்ட்டுக்குத் தெரிந்த முகம், கைக்கெட்டும் தூரத்தில் இருந்த ஆன்சைட் என்னும் வெளிநாட்டு வேலை வாய்ப்பு எல்லாம் அங்கேயே நின்றுவிடும். போவது தண்டனை போலவும் இருப்பவர் நிரபராதி போலவும் மற்றவர்களுக்குத் தெரியும். அவரை மாற்றச் சட்டத்தில் இடம் இருக்கிறது, அதை எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள்.

அடுத்து வரும் வாரங்களை எந்த விதியிலும் எழுதி வைக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் நாம் உட்கார்ந்ததும் இரண்டு பேர் டப்பாவை மூடிக்கொண்டு எழுவார்கள். ஆண் சகாக்கள் லிஃப்ட்டில் ஏறாமல் அடுத்ததற்கு நிற்பார்கள், சிலர் விளையாட்டாக, சிலர் நிஜமாகவே. மீட்டிங்கில் நான் சொன்ன ஒரு தொழில்நுட்ப ஆட்சேபனைக்குக்கூட "இவங்க எதுக்கும் கம்ப்ளெயின்ட்தான்" என்ற சிரிப்பு வந்தது. எனக்குக் கோபத்தைவிட அதிகம் இருந்தது வெட்கம், தப்புச் செய்தவள் நான் என்பது போல. 16ஆவது பிரிவு புகாரின் உள்ளடக்கத்தையும் ஆட்களின் அடையாளத்தையும் பொதுவெளிக்கும் பத்திரிகைக்கும் தெரிவிக்கக் கூடாது என்கிறது. பொறுப்பில் உள்ளவர் மீறினால் 5,000 ரூபாய் அபராதம். நடைமுறையில் வாய் கட்டப்படுவது நமக்குத்தான், தாழ்வாரம் பேசிக்கொண்டே இருக்கும். ஆனால் வழக்கறிஞரிடமும் மருத்துவரிடமும் பேசுவதை இந்தப் பிரிவு தடுக்கவில்லை. அதைத் தவறாகப் புரிந்துகொண்டு யாரிடமும் பேசாமல் உள்ளுக்குள் வெந்து போகாதீர்கள். வதந்தி பரப்புபவர் பெயர் தெரிந்தால் தேதியோடு குழுவுக்கு எழுதுங்கள். பதவி இருந்தால் இதெல்லாம் நடக்காது என்று நினைக்க வேண்டாம். 2021இல் தமிழ்நாட்டில் சிறப்பு டி.ஜி.பி. ஒருவர் மீது புகார் கொடுக்கச் சென்னைக்குக் காரில் வந்த பெண் எஸ்.பி.யையே செங்கல்பட்டு அருகே சுங்கச்சாவடியில் தடுத்து நிறுத்தினார்கள். அவர் பின்வாங்கவில்லை. 2023 ஜூனில் விழுப்புரம் நீதிமன்றம் அந்த அதிகாரிக்கு மூன்றாண்டுச் சிறை விதித்தது.

விசாரணை அறையில் தலைவரோடு சேர்த்துக் குறைந்தது மூன்று உறுப்பினர் இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்துவிட்டு உட்காருங்கள். குறைந்தால் "இன்று இத்தனை பேர்தான் இருக்கிறார்கள்" என்று பதிவில் எழுதச் சொல்லுங்கள். எந்தத் தரப்பும் வழக்கறிஞரைக் கூட்டி வர முடியாது. ஆனால் முந்தின நாள் வெளியே ஒருவரிடம் ஆலோசித்துவிட்டு வருவதை யாரும் தடுக்க முடியாது. எதிர்த்தரப்பு தந்த பதிலின் நகலைக் கேட்டு வாங்குங்கள், அதைப் படித்து மறுப்பு எழுத நேரமும் கேளுங்கள். அவரை எதிரே உட்கார வைத்துத்தான் விசாரிக்க வேண்டும் என்று எங்கும் இல்லை, கேள்விகளை எழுத்தில் குழு வழியாகப் பரிமாறிக்கொள்ளலாம். நடந்ததைத் தமிழில் சொல்லத்தான் வருகிறது என்றால் தமிழிலேயே சொல்லுங்கள், அப்படியே பதியச் சொல்லுங்கள். "அவர் கை வச்சார்" என்பதை ஆங்கிலத்தில் சுருக்கி "சங்கடமான நடத்தை" என்று எழுதிவிடுவார்கள். ஒவ்வொரு பக்கத்தையும் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். பிழையை உங்கள் கையாலேயே திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் இடுங்கள். கேட்கப் போகும் கேள்விகள் பெரும்பாலும் தெரிந்தவைதான்: அவர் குட் மார்னிங்குக்கு ஏன் ஸ்மைலி போட்டீங்க, பிறந்தநாள் கேக் வெட்டும்போது ஏன் பக்கத்தில் நின்னீங்க, பிறகும் அவரோட கேப்ல ஏன் போனீங்க. பதிலை அழுகைக்கு நடுவே தேடாதீர்கள், முன்கூட்டியே எழுதிப் பாருங்கள். "என் ரேட்டிங்கையும் லீவையும் கையெழுத்துப் போடுபவர் அவர். பதில் போடாமல் இருக்கும் வசதி எனக்கு இல்லை." இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. உடம்பு முடியாவிட்டாலும் மெயில் போடாமல் தொடர்ந்து மூன்று அமர்வு வராமல் இருந்துவிடாதீர்கள். 15 நாள் நோட்டீஸ் கொடுத்து விசாரணையையே முடித்துவிடக் குழுவுக்கு அதிகாரம் உண்டு.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வழக்கறிஞர் ஆலோசனைக் கட்டணம், மனநல ஆலோசகர், தூக்கத்துக்கான மாத்திரை, சம்பளமில்லா விடுப்பு, அந்த ஆண்டு ரேட்டிங்கைப் பொறுத்து வரும் வேரியபிள் பே குறைந்தது என்று எல்லாம் சேர்ந்து எனக்கு இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் போயிற்று. இதை விதி என்று விட்டுவிட வேண்டாம். 15ஆவது பிரிவு நஷ்டஈட்டைக் கணக்கிடும்போது மன உளைச்சல், வேலையில் இழந்த வாய்ப்பு, உடல், மன சிகிச்சைச் செலவு, எதிர்த்தரப்பின் வருமானம் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்கிறது. தொகையை அவர் சம்பளத்திலேயே பிடித்துத் தரலாம். ஆனால் ரசீது இல்லாமல் எதைக் காட்டுவது? மருந்துக்கடைச் சீட்டு முதல், ஆன்சைட் வாய்ப்பு ரத்தான மெயில், முந்தின ஆண்டுகளின் ரேட்டிங் கடிதங்கள் வரை எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு, விசாரணை முடியும் முன்பே குழுவிடம் கொடுத்துவிடுங்கள்.

இறுதி அறிக்கைக்கு முன்னால் குழுவின் கண்டறிதல்களின் நகல் இரு தரப்புக்கும் வந்து, ஆட்சேபம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்பது 11ஆவது பிரிவில் இருக்கிறது. பல நிறுவனங்கள் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன, கேட்டு வாங்குங்கள். விசாரணை முடிந்து பத்து நாளில் அறிக்கை, நிறுவனம் நடவடிக்கை எடுக்க 60 நாள், திருப்தி இல்லையென்றால் மேல்முறையீட்டுக்கு 90 நாள். "நிரூபிக்கலேன்னா உன் மேலயே ஆக்‌ஷன் வரும்" என்று மிரட்டுவார்கள். 14ஆவது பிரிவு வேண்டுமென்றே பொய்ப் புகார் கொடுப்பவருக்குத்தான். போதிய ஆதாரம் காட்ட முடியாமல் போவது மட்டுமே அதில் சேராது என்று அந்தப் பிரிவே சொல்கிறது. காவல் நிலையம் போவது தனிப் பாதை. குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 75ஆவது பிரிவு பாலியல் துன்புறுத்தலுக்கும் 78 பின்தொடர்தலுக்கும் உரியவை. இந்த மூன்று மாதக் கெடு அங்கே கிடையாது, நீங்கள் விரும்பினால் அங்கே புகார் கொடுக்க உதவ வேண்டியதும் நிறுவனத்தின் கடமை.

ஐ.டி. வளாகத்தில் ஏசியில் உட்கார்ந்து மெயில் போடுபவருக்கே இந்தப் பாடு என்றால் மில்லில் இருப்பவருக்கு? திண்டுக்கல் பக்கம் ஓர் ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்த இளம் தலித் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்ட பிறகு, தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் என்ற பெண்கள் தலைமையிலான சங்கம் போராடி, 2022இல் ஆலையின் உரிமையாளரான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடும் அங்கிருந்து ஆடை வாங்கும் ஹெச் அண்ட் எம் போன்ற நிறுவனங்களோடும் ஓர் ஒப்பந்தம் போட்டது. திண்டுக்கல் ஒப்பந்தம் என்பார்கள். அதில் எனக்குப் பிடித்தது, தையல் வரிசையிலேயே பயிற்சி பெற்ற தொழிலாளிகள் கண்காணிப்பாளர்களாக இருந்து தொல்லையைக் கவனித்து எடுத்துச் சொல்லும் ஏற்பாடு. சொல்வது ஒருத்தி மட்டும் இல்லை என்னும்போது அந்தப் பெயர் ஒருத்தி மேல் மட்டும் ஒட்டுவதில்லை. அலுவலகத்திலும் அதே ஆளால் தொல்லைப்பட்ட இன்னொருவர் இருந்தால், இருவரும் தனித்தனிப் புகாராக, அவரவர் சொற்களில், ஒரே வாரத்தில் கொடுங்கள். ஒரே கடிதத்தில் இரண்டு கையெழுத்து வேண்டாம், ஒருவர் பின்வாங்கினால் இன்னொருவர் புகாரும் ஆட்டம் காணும். பத்துப் பேருக்குக் குறைவான கடை, கிளினிக், வீட்டு வேலை, அல்லது முதலாளி மீதே புகார் என்றால் மாவட்டத்தில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் போக வேண்டும், ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்ட சமூக நல அலுவலரைக் கேட்டால் வழி சொல்வார்கள். இணையத்தில் மத்திய அரசின் 'ஷி-பாக்ஸ்' புகார்த் தளத்திலும் பதியலாம்.

கடைசியாக, வேலையை விட்டுப் போக முடிவு செய்பவர்களுக்கு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் ராஜினாமாவில் "சொந்தக் காரணங்கள்" என்று எழுதித் தரச் சொல்வார்கள், ரிலீவிங் லெட்டர் சிக்கலில்லாமல் கிடைக்கும் என்று ஆசையும் காட்டுவார்கள். அப்படி எழுதிவிட்டால் மேல்முறையீட்டிலோ நஷ்டஈட்டிலோ நீங்கள் வேலை இழந்ததை யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். "இன்ன தேதியிட்ட என் புகாரைத் தொடர்ந்த சூழலில் பணியைத் தொடர இயலவில்லை. விசாரணையில் தொடர்ந்து பங்கேற்பேன்" என்ற இரண்டு வரி போதும். நடந்தது எதையும் அதில் விவரிக்கத் தேவையில்லை. புகார் கொடுத்தபோது நீங்கள் அங்கே பணியில் இருந்ததால், விலகிய பிறகும் விசாரணை நடந்தாக வேண்டும். தனி மெயில் முகவரியும் தொலைபேசி எண்ணும் குழுவிடம் எழுத்தில் இருக்கிறதா என்று கடைசி நாளுக்கு முன் சரிபாருங்கள். அலுவலக மெயில் மூடிய பிறகு அமர்வுக்கான அழைப்பு அங்கே போய், நீங்கள் வரவில்லை என்று எழுதிவிடக் கூடாது.